ஹெல்மெட் போட்டவர் மட்டும் எழுதலாம்

லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனிக்கு லிஃப்ட் கிடையாது. டயர் கடைக்கு மேலே முதல் மாடியில் அலுவலகம். செங்குத்தாக இருபத்தாறு படி. ஏறி வருகிற ஒவ்வொருவரும் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கிக்கொண்டு அதே கேலியைச் சொல்வார்கள். முன்னறையில் போன் எடுக்கும் பெண், இப்போதுதான் முதல் தடவையாகக் கேட்பதுபோல் சிரிப்பாள். இருபத்திரண்டு வருடமாகச் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

அவளுக்கு ஹலோ அக்கா என்று பெயர் வைத்தவர் தலைமை மெக்கானிக். அவருடைய உயரம் ஆறடி மூன்றங்குலம். அவருக்கு ஏணி என்று பெயர் வைத்தது அவள். பழிக்குப் பழி முடிந்து இருவரும் நல்ல நண்பர்கள்.

புதிதாக வருகிறவர்களைத் திகைக்க வைத்தது படிக்கட்டு அல்ல. முன்னறையில் மூன்று மேசை, மூன்று கம்ப்யூட்டர். அவற்றில் ஒன்றின் முன்னால் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருப்பவர் தலையில் மஞ்சள் ஹெல்மெட் இருக்கும். அந்த அறையில் தலையில் விழக்கூடியது என்று பார்த்தால் மின்விசிறி ஒன்றுதான்.

காரணம் இருந்தது. கம்பெனி பராமரிக்கும் ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு லிஃப்டுகளின் விவரமும் ஒரே ஒரு ஃபைலில் இருந்தது. எந்தக் கட்டடம், எந்த மோட்டார், கயிறு மாற்றிய தேதி, மொட்டைமாடி அறைச் சாவி யாரிடம், கடைசியாகப் போனவர் யார், என்ன செய்தார். ஃபைல் ஹலோ அக்காவின் கம்ப்யூட்டரில் இருந்தது. மற்ற இரண்டு மேசைகளிலிருந்தும் அதைத் திறக்கலாம். அங்கேதான் வினை ஆரம்பித்தது. இரண்டு பேர் ஒரே சமயத்தில் எழுதப்போய் இரண்டு தடவை ஃபைல் உடைந்து, முந்தின நாள் காப்பியிலிருந்து மீட்க வேண்டியதாயிற்று. இரண்டாம் தடவைக்குப் பிறகு அவள் ஒரு சட்டம் போட்டாள். மஞ்சள் ஹெல்மெட் போட்டவர் மட்டும் ஃபைலைத் திறக்கலாம். முடிந்ததும் மூடிவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றி நடு மேசையில் வைக்க வேண்டும்.

முதலில் சிரித்தார்கள், பிறகு கீழ்ப்படிந்தார்கள். நாலு வருடம் ஃபைல் உடையவில்லை. ஆனால் ஒரு சட்டம் எத்தனை நாள் நின்றது என்பதை வைத்து அதை மதிப்பிட முடியாது; எதனால் கவிழ்கிறது என்றும் பார்க்க வேண்டும். இந்தச் சட்டம் கவிழ்ந்தது, ஹெல்மெட் நிஜ ஹெல்மெட்டாக இருந்ததால்.

ஒரு காலையில் ஏணி, ஹெல்மெட்டும் தலையுமாக எதையோ பதிந்துகொண்டிருந்தபோது போன் வந்தது. பன்னிரண்டு மாடிக் கட்டடம், நடுவில் நின்றுபோன லிஃப்ட், உள்ளே நாலு பேர். ஃபைலை மூடிவிட்டு எழுந்தவர், தலையில் ஹெல்மெட் இருக்கிறது என்ற நிம்மதியோடு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அரை மணி கழித்துத்தான் நடு மேசை காலியாக இருப்பதை மற்றவர்கள் கவனித்தார்கள்.

ஹலோ அக்கா போன் போட்டாள். "ஏணி, தலையைத் தொட்டுப் பாருங்க."

காற்றுச் சத்தத்துக்கு நடுவே அவர் குரல் வந்தது. "அடக் கடவுளே. அக்கா, நான் மொட்டைமாடியில இருக்கேன்."

"இங்க மூணு பேர் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கோம்."

"ஸ்டோர்ல முப்பது ஹெல்மெட் இருக்கே. ஒண்ண எடுத்துப் போட்டுக்கக் கூடாதா?"

"அது வெறும் ஹெல்மெட்."

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஒரு தடவை வேறொன்றை ஏற்றுக்கொண்டால் பிறகு எது உண்மையான ஹெல்மெட் என்று தினம் வாக்குவாதம் வரும். இரண்டு மணி நாற்பது நிமிடம் பழைய காகிதங்களின் பின்பக்கத்தில் குறித்து வைத்துக்கொண்டார்கள்.

அதே வாரம் முதலாளி தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். சந்தோஷம் வந்தாலும் கவலை வந்தாலும் பேனா மூடியைக் கடிக்கிற மனிதர். அன்று பலமாகக் கடித்தார்.

"அம்மா, பெரிய ஆஸ்பத்திரி நமக்குக் கிடைக்கும்போல இருக்கு. ரெண்டு கட்டடம், நாப்பத்தோரு லிஃப்ட். ஒரே ஒரு கண்டிஷன். பழுது வந்தா அங்க இருக்கற இன்ஜினியரிங் ரூம்லேருந்தே அவங்க நம்ம ரெக்கார்டுல எழுதணுமாம். நம்ம ஃபைலை அங்கேருந்து திறக்க முடியுமா?"

"அவங்களுக்கும் ஒரு ஹெல்மெட் அனுப்பலாம் சார்."

அவர் சிரிக்கவில்லை. "ரெடிமேட் சாஃப்ட்வேர் பேக்கேஜ் ஒண்ணு இருக்கு. அதை விக்கற ஆளு வந்து காமிச்சிட்டுப் போனான். எல்லாம் அவங்களே பார்த்துப்பாங்களாம். ஒண்ணாந்தேதி ஆரம்பம், இன்னும் பத்து நாள் இருக்கு. உங்களால ஒரு வழி பண்ண முடியும்னா பண்ணுங்க. முடியலேன்னா அதையே வாங்கிடறேன். உங்களுக்கும் பாரம் குறையும். போன் மட்டும் பார்த்துக்கலாம்."

அன்பாகத்தான் சொன்னார். அதனால்தான் அவளுக்குச் சுருக்கென்றது. பேக்கேஜை அவளும் பார்த்திருந்தாள். எண்பது கட்டங்கள், சாவி யாரிடம் என்று எழுத ஒரு கட்டம் இல்லை. அட்டை கிழிந்த ஒரு புத்தகத்தை நூலகத்திலிருந்து ஆறு தடவை புதுப்பித்து வாங்கி, யாரும் சொல்லித் தராமல், ஒவ்வொரு கட்டமும் ஏன் என்று தெரிந்து, ஒன்பது வருடத்துக்கு முன் அவளே கட்டிய ரெக்கார்டு அது. பத்து நாளில் வழி பிறக்காவிட்டால் அது போய்விடும். மிஞ்சுவது ஹலோ மட்டும்.

ஞாயிற்றுக்கிழமை கொழுந்தனை வீட்டுக்கு வரச் சொன்னாள். கணவனின் தம்பி, ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவன். கணவன் தையல் மெஷின் பழுதுபார்ப்பவன். கூடத்தில் ஒரு மெஷினைக் கவிழ்த்துப்போட்டு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான்.

"அண்ணி, சர்வருக்கு மாறிடுங்கன்னு நாலு வருஷமா சொல்றேன்," என்றான் கொழுந்தன்.

"சர்வரா? எனக்கு ஒரு காப்பி கொண்டு வரச் சொல்லு," என்றான் கணவன்.

"நீயும் நாலு வருஷமா இதையேதான்ணே சொல்றே."

"என்கிட்ட இருக்கறதும் டேட்டாபேஸ்தானே தம்பி? அதுல என்ன குறை?" என்று அவள் குறுக்கிட்டாள்.

"குறையே கிடையாது. அண்ணன் கடைக்கு அதான் சரி. ஒரு ஆளு, ஒரு மேசை. அங்க சர்வர் வெச்சா எலி பிடிக்க யானை வளர்த்த கதை. பல பேர், பல இடத்துலேருந்து எழுதணும்னாத்தான் சர்வர்."

"கதை வேணாம். ரெண்டுக்கும் என்ன வித்தியாசம், அதைச் சொல்லு."

அவன் கொஞ்சம் யோசித்தான். "உங்க ஃபைல் ஒரு அலமாரி. அவங்கவங்க வந்து திறந்து அவங்களே கையை விடறாங்க. சர்வர்ல அலமாரிகிட்ட யாரும் போக முடியாது. முன்னாடி ஒரு ஆளு உக்காந்திருப்பான். எது வேணும்னாலும் அவன்கிட்ட கேக்கணும். எடுத்துக் குடுக்கறதும் அவன், எழுதி வெக்கறதும் அவன். நூறு பேர் வந்தாலும் யாரும் யார் கையையும் இடிக்க மாட்டாங்க."

அவள் வாய்க்குக் கொண்டுபோன டம்ளரை அப்படியே கீழே வைத்தாள்.

"அந்த ஆளு நான்தானே."

"என்ன அண்ணி?"

"கம்ப்யூட்டர் வர்றதுக்கு முன்னாடி பதிமூணு வருஷம் எல்லாம் அட்டையில இருந்துச்சு. இழுப்பறையை ஒருத்தரும் தொட மாட்டாங்க. மெக்கானிக்குங்க வந்து மேசை முன்னாடி நிப்பாங்க, நான் எடுத்துக் குடுப்பேன், நானே எழுதி வெப்பேன். ஒரு அட்டை தொலைஞ்சதில்ல. கம்ப்யூட்டர் வந்ததும் நல்லது பண்றதா நெனச்சு எல்லாருக்கும் இழுப்பறையைத் திறந்து விட்டுட்டேன்."

எழுந்து போய் ஏற்கெனவே கழுவிய பாத்திரங்களை மறுபடி கழுவினாள். "உங்க அண்ணிக்கு ஏதோ புரிஞ்சிடுச்சு. இனிமே வீட்டுல நமக்குச் சோறு கிடையாது," என்றான் கணவன்.

இந்த இடத்தில் அவள் சரி என்று சொல்லியிருந்தால் அவளைப் பற்றி எழுத அதிகம் இல்லை. பிடித்துப்போன உவமை நிரூபணம் ஆகிவிடாது. பேக்கேஜ் விற்க வந்தவனும் அழகான உவமை இரண்டு சொல்லிவிட்டுத்தான் போயிருந்தான். திங்கட்கிழமை அவள் நடு மேசையில் ஹெல்மெட்டுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டை வைத்தாள். ஒருவர் தலையில் ஹெல்மெட் இருக்கும்போது இன்னொருவருக்கு அது தேவைப்பட்டால் ஒரு கோடு போட வேண்டும். எழுதவா, சும்மா பார்க்கவா என்றும் குறிக்க வேண்டும்.

வியாழன் சாயங்காலம் எண்ணினாள். அறுபத்தொரு கோடு. அதில் நாற்பத்தி நாலு, பார்க்க மட்டும்.

கொழுந்தனுக்குப் போன் போட்டாள். "தம்பி, பார்க்கறதுக்கு ஹெல்மெட் எதுக்கு? நாலு வருஷமா வெறுமனே பார்க்க வந்தவங்களையும் நான் வரிசையில நிக்க வெச்சிருக்கேன். இதுக்கு சர்வரே வேணாம்போல இருக்கே."

அவன் நேர்மையானவன். "உங்க ஆபீஸ் மட்டும்னா வேணாம் அண்ணி. ஃபைலையே ஒழுங்குபடுத்தி இன்னும் அஞ்சு வருஷம் ஓட்டலாம்."

"அப்ப ஆஸ்பத்திரி?"

"அங்கேருந்து நெட் லைன் வரணும். எழுதிக்கிட்டு இருக்கும்போதே நடுவுல லைன் அறுந்தா ஃபைல் தாங்காது. சர்வர் தாங்கும்."

"தாங்கும்னு சொன்னா போதாது. சனிக்கிழமை வந்து அறுத்துக் காட்டு."

வெள்ளிக்கிழமை சாயங்காலமே அவன் ஒரு பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு இருபத்தாறு படி ஏறி, அந்தக் கேலியையும் தவறாமல் சொல்லிவிட்டு, அதில் சர்வர் டேட்டாபேஸை நிறுவி, அவளுடைய ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு லிஃப்டையும் அதற்குள் ஏற்றினான். அசல் ஃபைலை அவள் தொடவிடவில்லை.

சனிக்கிழமை காலை முன்னறையில் எல்லோரும் கூடிவிட்டார்கள். முதலாளி பேனா மூடியோடு நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மூன்றாவது மேசையின் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கும் வேலை ஏணிக்கு. "இவ்வளவு சுலபமான வேலையை இந்தக் கம்பெனி எனக்குக் குடுத்ததே இல்ல," என்றார் அவர்.

முதலில் ஃபைலின் காப்பி. ஹலோ அக்கா மூன்றாவது மேசையிலிருந்து ஒரு விவரத்தை எழுதி, சேமி என்று அழுத்தினாள். "இழு." ஏணி இழுத்தார். திரும்பச் செருகித் திறந்தால் ஃபைல் நன்றாக இருந்தது. இரண்டாம் தடவையும். மூன்றாம் தடவையும். முதலாளி கொழுந்தனை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அவளுக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமைகூட வந்தது, அவள் கட்டியதாயிற்றே. நாலாவது தடவை ஃபைல் திறக்கவில்லை. இப்படி ஒரு ஃபைலைத் தெரியாது என்றது கம்ப்யூட்டர். ஒன்பது வருடம் தெரிந்ததை ஒரு நொடியில் தெரியாது என்றது.

"இப்ப சர்வர்," என்றாள். குரல் கொஞ்சம் உயர்ந்திருந்தது.

இழுத்தார், செருகினார், பார்த்தார்கள். மறுபடி, மறுபடி. பதினோரு தடவை. சில தடவை அவள் எழுதியது பதிந்திருந்தது, சில தடவை பதியவில்லை. ஆனால் பாதி என்று ஒன்று இல்லவே இல்லை. இருந்தால் முழுதாக இருந்தது. இல்லையென்றால் அடியோடு இல்லை. ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு லிஃப்டின் விவரமும் அசையாமல் நின்றன.

"அப்ப முடிவாச்சு," என்று முதலாளி எழுந்தார்.

"உக்காருங்க சார். இன்னும் ஒண்ணு பாக்கி." அவள் கொழுந்தன் பக்கம் திரும்பினாள். "மொத்தத்தையும் அழி."

"அண்ணி?"

"ஒரு நாள் இந்த மெஷின் செத்துப்போகும். அன்னிக்கு என்ன ஆகும்னு இன்னிக்கே தெரியணும். காப்பி எடுத்து வெச்சிருக்கேன். அழிச்சுட்டு அதிலேருந்து கொண்டு வந்து காட்டு." கையிலிருந்த பென் டிரைவை ஆட்டினாள். அந்த ஒரு வேண்டுகோளில் அவள் யார் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. கொழுந்தனுக்கு அது பிடிக்கவும் செய்தது. எப்படிக் காப்பி எடுத்தாள் என்று கேட்காமலே அழித்தான்.

பென் டிரைவில் இருந்ததைத் திரும்ப வைத்து சர்வரைக் கிளப்பினால், அது கிளம்பவில்லை. இன்னொரு தடவை. கிளம்பவில்லை. முதலாளி சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து, பேக்கேஜ்காரரின் எண்ணைத் தேட ஆரம்பித்தார்.

"எப்படி அண்ணி காப்பி எடுத்தீங்க?"

"எப்பவும்போலத்தான். ஃபோல்டரைப் பிடிச்சு இழுத்து பென் டிரைவுல போட்டேன். ஒன்பது வருஷமா அப்படித்தானே."

"சர்வர் ஓடிக்கிட்டு இருக்கும்போதா?"

"ஃபைலை..." என்று ஆரம்பித்தவள் நிறுத்தினாள். தினமும் சாயங்காலம் அவள் காப்பி எடுக்கும்போது எல்லோரும் ஃபைலை மூடிவிட்டுப் போயிருப்பார்கள். சர்வரோ மூடுவதே இல்லை. அவள் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். "சார், போனை வைங்க. எனக்குப் புரிஞ்சிடுச்சு. அட்டை இருந்த காலத்துல எந்த நேரம் பார்த்தாலும் அஞ்சாறு அட்டை என் மேசையில கிடக்கும், இல்லையா? நான் எழுதிக்கிட்டு இருக்கும்போது ஒருத்தர் வந்து இழுப்பறையை மட்டும் தூக்கிக்கிட்டுப் போனா? கையில இருந்த அட்டை அவர்கிட்ட இருக்காது. அலமாரி முன்னாடி ஒரு ஆளு உக்காந்திருக்கான். அவனைக் கேக்காம அவன் முதுகுக்குப் பின்னாடி இழுப்பறையைத் தூக்கிட்டேன். காப்பியையும் அவன்கிட்டத்தான் கேட்டு வாங்கணும். அப்படித்தானே தம்பி?"

"அப்படியேதான். தப்பு என் மேல, நான் முதல்லயே சொல்லியிருக்கணும்."

"உன் மேலதான். வீட்டுக்கு வா, திட்டறேன். இப்ப எப்படிக் கேக்கறதுன்னு சொல்லு."

அசல் ஃபைலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி சர்வரில் ஏற்ற இருபது நிமிடம் ஆனது. யாரும் நகரவில்லை. டயர் கடைக்காரர்கூட என்ன சத்தமே இல்லையே என்று படியேறி வந்து பார்த்தார். இந்தத் தடவை கொழுந்தன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான், அவள் தட்டினாள். ஏணி அன்று காலை ஒன்பதரைக்குப் பார்த்துவிட்டு வந்த ஒரு கதவுப் பழுதைக் கடைசிப் பதிவாக எழுதினாள். சர்வருக்கு ஒற்றை வரி உத்தரவு கொடுத்தாள். தன்னிடம் இருப்பது முழுவதையும் அது வரிசையாக எழுதி, பென் டிரைவில் கொடுத்தது. பிறகு அவள் விரலாலேயே அழித்தாள். திரை காலி. ஏணி மெதுவாக, "அக்கா, நாப்பதாவது மாடியில தொங்கினாக்கூட எனக்கு இப்படிப் பயமா இருந்ததில்ல," என்றார்.

திரும்ப ஏற்றும் உத்தரவு. வரிகள் ஓடின. நாலு நிமிடம். நின்றது. அவள் எண்ணச் சொன்னாள். லிஃப்ட்: ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு. போய்வந்த பதிவுகள்: நாற்பத்தெட்டாயிரத்துத் தொள்ளாயிரத்து ஏழு. அசலில் இருந்ததைவிட ஒன்று அதிகம். அந்த ஒன்றைத் திறந்தாள். காலை ஒன்பதரை, கதவு, ஏணி.

"நான் இருக்கேன்," என்றார் ஏணி. அறை வெடித்துச் சிரித்தது.

முதலாளி போனைச் சட்டைப்பையில் போட்டார். "நீங்களே சொல்லுங்கம்மா. எது?"

"சர்வர், சார். ஆஸ்பத்திரி மட்டும் இல்லேன்னா ஃபைலே போதும்னு சொல்லியிருப்பேன். ஆனா மூணு விஷயம் நீங்க ஒத்துக்கணும். அதோட பாஸ்வேர்டு என்கிட்ட இருக்கும், ஒரு கவர்ல போட்டு ஒட்டி உங்ககிட்ட ஒண்ணு இருக்கும். காப்பி தினமும் எடுப்பேன். மாசம் ஒரு தடவை அந்தக் காப்பியிலேருந்து இன்னொரு மெஷின்ல கொண்டு வந்து பார்ப்பேன். அன்னிக்கு ஒரு மணி நேரம் போனை வேற யாராவது எடுக்கணும்."

"யாரு எடுக்கறது?"

"நீங்க எடுங்க சார். ஹலோன்னு சொன்னா போதும்."

அவர் ஒத்துக்கொண்டார். "பேக்கேஜ் ஆளுகிட்ட வேணாம்னு சொல்ல ஒரு காரணம் குடுங்க."

"அவர் அழிச்சுக் காட்டலைன்னு சொல்லுங்க."

செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்கு லைன் கொடுத்தார்கள். அங்கே இன்ஜினியரிங் ரூமில் இருந்தவள் ஒரு சின்ன வயதுப் பெண், குரலில் தயக்கம். "மேடம், நான் எதையாவது அமுக்கி உங்களுதெல்லாம் போயிடுச்சுன்னா?"

"போகாது. போனாலும் கொண்டு வந்துடுவேன். ஒரு லிஃப்டைப் பதிஞ்சு பாருங்க."

ஹலோ அக்கா போனைக் காதில் இடுக்கிக்கொண்டு திரையைப் பார்த்தாள். அவளுடைய மேசையில் ஒரு கதவுப் பழுது பாதி எழுதியபடி இருந்தது; அதை அவள் மூடவில்லை. இரண்டாவது மேசையிலும் ஒருவர் எழுதிக்கொண்டிருந்தார். பட்டியலின் கடைசியில் ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டாவது லிஃப்ட் இருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அவள் கை படாமல், யாரும் யாரையும் கேட்காமல், அதற்குக் கீழே ஒரு வரி வந்து நின்றது. கிழக்குக் கட்டடம், முதல் லிஃப்ட், படுக்கை ஏற்றுவது. சாவி: இரண்டாம் மாடி நர்ஸ் மேசையில்.

அவள் நின்றுகொண்டிருந்தாள். எப்போது எழுந்தாள் என்றும் அவளுக்குத் தெரியவில்லை.

"வந்துச்சா மேடம்?"

"வந்துச்சு," என்றாள். "அடுத்ததைப் போடுங்க."